தாவரச் சமுதாயமும் அதனை ஆராயும் முறைகளும்

நிலத்தை அங்கு வளரும் தாவரத்தின் பெயரால் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என வழங்கியவர் நம் முன்னோர். வெம்மை மிக்கவிடத்து மலைநிலமும் காட்டுநிலமும் பாலையாய் மாறும் என்பது சிலப்பதிகாரம் தரும் கருத்து. தாவரங்கள் கூடி வாழும் இயல்பையும் அக்கூட்டம் மாறும் இயல்பையும் இன்று சூழலியல் என்னும் விஞ்ஞானம் அளந்து ஆராய்கின்றது. அதற்குக் கண்டியைச் சூழ்ந்த மலைகளினும் சிறந்த பாடசாலை வேறு வேண்டுவதில்லை.

1821இல் அமைக்கப்பட்ட பேராதனைப் பூங்காவில் பல நாட்டு மரங்கள் செழித்து நிற்கின்றன. எனினும், அவை மனிதன் நாட்டிய இடத்தில் நிற்பனவே. தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறக்குறைய 104 ஹெக்ரேயர் பரப்பில் விரிந்துள்ள உடவத்தகலைக் காட்டிலோ, ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட்டும், ஒன்றன் நிழலில் மற்றொன்று முளைத்தும் தாவரங்கள் தாமே இடங்கொள்கின்றன. இவ்வாறு ஓரிடத்திற் கூடி ஒன்றையொன்று பாதித்து வாழும் தாவரக் கூட்டமே சமுதாயம் எனப்படும்.

இச்சமுதாயத்தின் தன்மை யாது? அமெரிக்க அறிஞர் கிளெமென்ற்ஸ் 1916இல், அது பிறந்து வளர்ந்து முதிரும் ஓர் உயிர் போன்றது என்றார். வெற்று நிலத்திற் புல்லும் புதரும் மரமும் முறையே தோன்றி, காலநிலைக்கேற்ற உச்சநிலையை அடையும் என்பது அவர் கொள்கை. கிளீசன் 1926இல் இதனை மறுத்தார். ஒவ்வோர் இனமும் தன் தேவைக்கேற்பத் தனித்தே பரவுகின்றது. நாம் சமுதாயம் என்பது அவை தற்செயலாய்ச் சந்தித்த இடமே என்றார். 1956இல் விற்றேக்கர் அமெரிக்க மலைச்சரிவுகளில் உயரத்துக்கேற்ப மரங்களை எண்ணியபோது, இனங்கள் கூட்டங்கூட்டமாய் மாறாது தனித்தனியே கூடிக் குறைந்தமை கண்டு கிளீசனுக்குச் சார்பான சான்று அளித்தார்.

கொள்கை எதுவாயினும் எண்ணிக்கையே அதற்கு உரைகல். மாணவர் ஒரு மீற்றர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றைச் செய்துகொண்டு புல்வெளிக்குச் செல்லலாம். அழகான இடத்தைத் தேர்ந்து சட்டத்தை வைத்தல் பெரும் பிழை; எழுந்தமானமான எண்களைக் கொண்டே இடங்களைத் தெரிதல் வேண்டும். ஒவ்வொரு சட்டத்துள்ளும் உள்ள செடிகளை எண்ணினால் அடர்த்தி பெறப்படும். இருபது சட்டங்களுட் பதினைந்தில் ஓரினம் காணப்படின் அதன் மீடிறன் 75 வீதம். நிலத்தை அது மூடும் அளவும் குறிக்கப்படல் வேண்டும். பள்ளத்தாக்கிலிருந்து உச்சிவரை கயிறு கட்டி அதன் வழியே பதிந்தால், இனங்கள் மாறும் ஒழுங்கு புலப்படும். காட்டுக்குச் சிறு சட்டம் போதாது. சிங்கராஜவனத்தில் 25 ஹெக்ரேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டமுள்ள மரங்கள் அனைத்தையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர் இலக்கமிட்டுக் கணக்கெடுத்தனர்.

இனி ஹந்தானை மலையை நோக்குக. மானாப்புல் மூடிய அச்சரிவுகள் இயற்கையின் உச்சநிலையா, அன்றித் தீயால் வளர்ச்சி தடைப்பட்ட காடா? இலங்கையின் பத்தனைப் புல்வெளிகளைப் பற்றி 1899இல் பியர்சனும் 1951இல் ஹோம்ஸும் விரிவாக எழுதினர். இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. புல்வெளி இயற்கையாயின் அங்கு மரம் நடுவது அழிவாகும். தீயின் விளைவாயின் தீயைத் தடுப்பதே காட்டை மீட்கும் முதல் வழியாகும். சென்ற நூற்றாண்டில் அங்கு நடப்பட்ட பைன் மரங்களின் ஊசிச் சருகோ எளிதில் தீப்பற்றும் இயல்பினது. ஒரு பகுதியைத் தீயினின்று காத்து, ஆண்டுதோறும் அதே இடங்களில் எண்ணி, காவலற்ற பகுதியோடு ஒப்பிடுவதே விடை காணும் நேர்வழி.

உடவத்தகலையும் இத்தகைய வினாவை எழுப்புகின்றது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பெரு பல்சம் மரம் இறகுள்ள காய்களைக் காற்றிற் பரப்பி, நிழலிலும் அடர்ந்து முளைத்து, உள்நாட்டுக் கன்றுகளை நெருக்குகின்றது. 1938இல் சரணாலயமான காடு வேலியால் மட்டும் காக்கப்படுவதில்லை என்பது இதனாற் பெறப்படும். பெரிய மரங்களை மட்டும் பார்ப்போருக்குக் காடு பசுமையாகவே தோன்றும். கன்றுகளை எண்ணுவோரே ஐம்பது ஆண்டுகட்குப் பின் அங்கு நிற்கப்போகும் காட்டை இன்றே காண்பர். அக்கணக்கைத் தொடங்க ஒரு சட்டமும் ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்; நம் மாணவர் அப்பணியை மேற்கொள்வாராக.