கரும்பு வெட்டுவோரின் தாகமும் முதுகுத் தண்ணீர்ப் பையும்

கரும்பு அறுவடைக்குக் கத்தியும் வண்டியும் சித்தம் செய்யும் குடியானவர், வெட்டும் ஆளுக்குக் குடிதண்ணீர் எவ்வளவு தூரத்திலுள்ளது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. குடம் வரப்பின்மேல் இருக்கும். ஆள் தோட்டத்தின் நடுவில் நிற்பான். வெட்டிய எடைக்கேற்பக் கூலி அளிக்கப்படுமாயின், தண்ணீருக்காக நடக்கும் நேரம் யாவும் நஷ்டமென்றே எண்ணுவான். இதனால் விளையும் கேட்டையும், அதற்குரிய பரிகாரத்தையும் மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடார் தேசத்தின் அனுபவத்தினின்று அறியலாம்.

நோயின் தன்மை

அத்தேசத்தில் கரும்பு அறுவடை, மழையற்ற மாதங்களில் கடும் வெயிலில் நடைபெறும். நீரிழிவு முதலிய வழக்கமான காரணங்கள் இல்லாத ஆடவர் பலருக்கு, அவர்களுள்ளும் பயிர்த்தொழில் செய்வோருக்கு, சிறுநீரகம் கெட்டுப்போவதை அங்குள்ள வைத்தியர்கள் 2002-ம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். காரணம் ஒன்றே என்று துணிவதற்கில்லை. ஆயினும், வெப்பத்தில் இடைவிடா உழைப்பும் உடலில் நீர் குறைதலும் முக்கியமானவை என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இந்நோய் தொடக்கத்தில் வலி தராது. வெளிப்படும்போது சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டிருக்கும்.

பையின் வரலாறு

1989-ம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் நடந்த 100 மைல் சைக்கிள் ஓட்டத்தில், மைக்கேல் ஐட்சன் என்பவர், நரம்பில் மருந்துநீர் ஏற்றும் பையொன்றில் தண்ணீர் நிரப்பி, காலுறைக்குள் இட்டு முதுகில் பொருத்திக்கொண்டார். அதன் குழாயைத் தோள்வழியே முன்னே கொணர்ந்து உறிஞ்சினார். இன்றைய பைகள் இம்முறையிலேயே அமைந்தவை. குழாய் நுனியைப் பல்லால் கடித்தால் நீர் வரும், விட்டால் அடைபடும். இரு கைகளும் வேலைக்கு உதவும்.

பரீட்சையும் பலனும்

எல் சால்வடாரில் 2014-15 அறுவடையின்போது, வெட்டுவோருக்கு 3 லிட்டர் பைகளும், இடம் பெயர்க்கத்தக்க நிழற்பந்தலும், குறித்த வேளைகளில் ஓய்வும், திருத்திய வெட்டுக்கத்தியும் அளித்துப் பரீட்சித்தனர். அவர்கள் அருந்திய நீர் 25 சதவீதம் அதிகரித்தது. நீர்க்குறைவின் குறிகள் தணிந்தன. நாளொன்றுக்கு ஓராள் வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதையும் பைக்கே உரித்தாக்கலாகாது. எனினும், ஓய்வு கொடுத்தால் வேலை குறையும் என்னும் எண்ணம் தவறென்பது புலனாகும்.

உபயோகிக்கும் முறை

1. தாகம் தோன்றும்வரை காத்திராமல், 15 அல்லது 20 நிமிஷத்திற்கு ஒருமுறை ஏறக்குறைய 240 மில்லி லிட்டர் அருந்துக. மணிக்கு 1.4 லிட்டருக்கு மேற்படலாகாது. மிகுந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து தீங்கு நேரும்.

2. 3 லிட்டர் நீர் 3 கிலோ எடையுள்ளது. ஒரு நாளைக்கு அது போதாது. மீண்டும் நிரப்பச் சுத்தமான நீரை அருகில் வைத்தல் வேண்டும்.

3. பையில் தண்ணீரையன்றி வேறொன்றும் ஊற்றலாகாது. சர்க்கரைப் பானமும் மோரும் குழாயில் படிந்து அழுகும். வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்ய, ஓய்வு வேளையில் உப்பிட்ட மோரோ கஞ்சியோ தனியே கொடுக்கலாம்.

4. பை, குழாய், வாய்நுனி ஆகிய மூன்றையும் தினந்தோறும் கழுவி, வாய் திறந்தபடி தொங்கவிட்டு உலர்த்துக. ஒருவர் வாய்நுனியைப் பிறர் உபயோகிக்கலாகாது.

5. தலைவலி, மயக்கம், வாந்தி கண்டால் வேலையை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுசெல்க. பேச்சுத் தடுமாறினால் உடலை நீரால் நனைத்து விசிறி, உடனே வைத்தியரிடம் சேர்க்க வேண்டும்.

பை வாங்க இயலாதோர், வெட்டு முன்னேறுந்தோறும் குடத்தையும் உடன் நகர்த்தி, தண்ணீர் வழங்க ஓராளை நியமிக்கலாம். நீர் ஆளைத் தேடி வரவேண்டுமேயன்றி, ஆள் நீரைத் தேடிப் போகும்படி விடலாகாது. நிழலும் ஓய்வும் அளியாமல் பையை மட்டும் அளிப்பது பாதிப் பரிகாரமே என்பதைப் பண்ணையுடையோர் மனத்திற்கொள்வாராக.