குட்டி ரயில் மறுபடி புறப்படட்டும்!

"ஏங்க, மருந்துதான் முடிஞ்சு போச்சே. ஞாயித்துக்கிழமை உங்க ரயில் கோஷ்டியைப் பார்த்துட்டு வரக் கூடாதா?"

"வேணாம்மா. நான் ஒரு தடவை இருமினா அவங்க மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சாலே கூச்சமா இருக்கு."

புதுச்சேரி கோரிமேட்டில் ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அவருக்கு ஐம்பது வயது. நுரையீரலில் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, 'குணமாகிவிட்டது' என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோய்க்கு முன்பு ஞாயிறு தோறும் நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து மாதிரி ரயில் செய்வதுதான் அவருடைய பொழுதுபோக்கு. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்த மீட்டர் கேஜ் பாதையை 87-ல் ஒரு பங்கு அளவில் மேஜை மேல் கொண்டுவருவது அவர்கள் ஆசை. அந்த அளவில் ஒரு மீட்டர் அகலப் பாதை 12 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அவ்வளவு நுணுக்கமான வேலை!

ஜிப்மரும் அரசு மார்பு நோய் மருத்துவமனையும் இருக்கிற கோரிமேட்டில் நோயாளிகளைப் பார்ப்பது புதிதில்லை. ஆனால், தனக்கென்று வரும்போது மனசு சுருங்கிவிடுகிறது. உடம்பு தேறிய பிறகும் வாசலைத் தாண்டத் தயங்குகிறவர்கள் ஏராளம். மாத்திரையோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பழைய நண்பர்கள் நடுவில் பழைய நாற்காலியில் போய் உட்கார்வதும் குணமாவதில் ஒரு பகுதிதான்.

அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

முதல் பயம் இதுதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இதற்கு அப்போதே பதில் தேடியது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களைச் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. சின்ன வீடு, பற்றாக்குறைச் சாப்பாடு என்றிருந்த குடும்பங்களிலேயே இந்த நிலைமை!

சாதாரணக் காசநோயில், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் கணக்கு வேறு. அதனால் எப்போது வெளியே கலந்து பழகலாம் என்பதைச் சளிப் பரிசோதனையை வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் 'போகலாம்' என்று சொன்ன பிறகு தயக்கம் வேண்டாம். இன்னொரு விஷயம்: இந்த நோய் காற்று வழியாகத்தான் பரவுகிறது. டம்ளர், திருப்புளி, ரயில் பெட்டி வழியாகப் பரவாது.

சிவப்பா, பச்சையா?

மருந்து சாப்பிடும் காலத்திலேயே பொழுதுபோக்குக்குத் திரும்புகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். காசநோய்க்கான மாத்திரைகளில் எத்தாம்பியூட்டால் என்று ஒன்று உண்டு. சிலருக்கு அது கண் நரம்பைப் பாதிக்கும். பார்வை மங்கலாம். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ரயில்காரருக்கு இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறதே! ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குட்டி சிக்னலைப் பாருங்கள். பிறகு மறு கண். நிறம் மங்கலாகத் தெரிந்தால் 'கண்ணாடி மாத்தணும் போல' என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் சரியாகும். தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடலாம்.

விரல் மரத்துப்போனால்...

ஐசோனியாசிட் என்ற மாத்திரை சிலருக்குக் கை, கால் விரல்களில் எரிச்சலும் மதமதப்பும் உண்டாக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும், மது அருந்துபவர்களுக்கும், உடம்பு மெலிந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். இதைத் தடுக்கத்தான் பி6 வைட்டமினும் சேர்த்துத் தருகிறார்கள். சின்ன ஆணி கையில் நிற்காமல் நழுவினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகக் கடையில் வைட்டமின் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

புகையும் தூசியும்

நோய் போனாலும் நுரையீரலில் தழும்பு இருக்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவர் மூடிய அறையில் உட்கார்ந்து ஒயருக்கு ஈயப்பற்று வைத்தால், அந்தப் பசையின் புகை இருமலைக் கிளப்பும், ஆஸ்துமாவையும் தூண்டும். ஸ்ப்ரே பெயிண்ட், மலை செய்கிற பிளாஸ்டர் தூள், சூடான கம்பியில் அறுக்கும் தெர்மாகோல் எல்லாமே அப்படித்தான். கொஞ்ச காலத்துக்கு இந்த வேலைகளை நண்பர்களிடம் விட்டுவிடுங்கள். செய்தே தீர வேண்டுமென்றால் ஜன்னல் ஓரமாக, முகத்தில் புகை படாமல் செய்யுங்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு பஜ்ஜி சாப்பிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு மணி நேரம் போதும்

முதல் ஞாயிறே நாள் முழுக்க உட்காராதீர்கள். மேஜைக்கு அடியில் குனிந்து ஒயர் இழுப்பது, பலகை தூக்குவது எல்லாம் அப்புறம். நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிக்கு வர்ணம் தீட்டுங்கள்; பிரஷ்ஷால்தான்! ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான தெம்பு இருந்தால் அடுத்த வாரம் அரை மணி கூட்டலாம். அசதியாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

மாலைக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

அவருக்கு மட்டும் காகிதக் கப்பில் காபி கொடுக்காதீர்கள். 'ஐயோ, எப்படி இளைச்சுப் போயிட்டீங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் பாதியில் விட்ட வேலையை வேறு யாரும் முடித்துவிடவும் வேண்டாம். ஒருத்தர் போன் போட்டு, "அண்ணே, சிக்னல் கேபினுக்கு இன்னும் கூரை போடலை. நீங்க வந்துதான் போடணும்" என்று சொன்னால் போதும்.

வீட்டம்மா முதல் நாள் கூடவே போய்த் துணைக்கு உட்காரலாம். ரெண்டாவது வாரம் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், பாருங்கள்!