பின்வாங்கும் பனியாறு

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் பனியாற்றைக் கண்டதில்லை. ஏற்காட்டை மூடும் மார்கழிப் பனியும் வெயில் ஏறியதும் மறைந்துவிடும். ஆனால் வட இந்தியாவை வாழ்விக்கும் கங்கை, ஒரு பனியாற்றின் வாயிலிருந்தே பிறக்கிறது. அப்பனியாறு சுருங்கி வருகிறது. அதைப் பற்றி இங்கே காண்போம்.

பனியாறு என்றால் என்ன?

மிக உயர்ந்த மலைகளில் பொழியும் பனி கோடையிலும் முழுவதும் உருகுவதில்லை. ஆண்டுதோறும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகிறது. பின்பு மலைச்சரிவில் மிக மெதுவாகக் கீழே நகர்கிறது. இதுவே பனியாறு.

மேலே பனி சேர்வது வரவு. கீழே உருகுவது செலவு. இரண்டும் சமமானால் பனியாற்றின் முனை ஓரிடத்தில் நிற்கும். செலவு மிகுந்தால் முனை மேலே மேலே போகும். இதையே பின்வாங்குதல் என்பர். பனிக்கட்டி மலைமேல் ஏறுகிறது என்று எண்ணக் கூடாது. அது கீழ்நோக்கித்தான் நகர்கிறது. ஆனால் வந்து சேர்வதைவிட உருகுவது அதிகம்.

கங்கோத்திரி

உத்தரகாண்டிலுள்ள கங்கோத்திரிப் பனியாறு ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுடையது. அதன் முனைக்குக் கோமுகம் என்று பெயர். அங்கே பிறக்கும் பாகீரதி, தேவப்பிரயாகையில் அலகநந்தாவுடன் கலந்து கங்கையாகிறது. 1935-ஆம் ஆண்டு முனை இருந்த இடம் அளந்து குறிக்கப்பட்டது. 1996-க்குள் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது.

எரிமலை மீதும் பனி

ஆப்பிரிக்காவில் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ ஓர் உறங்கும் எரிமலை. அதன் உச்சியிலும் பனிக்கட்டி உண்டு. 1912-இல் இருந்த பனிப்பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு 2007-க்குள் மறைந்துவிட்டது. எரிமலையின் நெருப்பே அதை உருக்கியது என்று நாம் நினைக்கலாம். அது சரியன்று. பனிப்பொழிவு குறைந்ததும், காற்று வறண்டதும், உலகம் வெப்பமடைவதுமே காரணங்கள். நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால் பெருகும் கரியமில வாயுவே உலகின் வெப்பத்தைக் கூட்டுகிறது. இமயத்தின் பனியையும் அந்த வெப்பமே கரைக்கிறது.

இதனால் என்ன கேடு?

கங்கைக்கு மழைநீரும் உண்டு. ஆகையால் அது ஒரேயடியாக வற்றிவிடாது. ஆனால் மழைக்கு முந்திய கோடையில் மலையோர ஆறுகளைக் காப்பது உருகும் பனிதான். முதலில் உருகும் நீர் கூடும். சேமிப்பு கரையக் கரைய, பின்னர் அந்த நீரும் குறையும்.

பனியாறு இல்லாத ஆறு எப்படியிருக்கும் என்பதை நாம் நன்கு அறிவோம். நம் காவிரி மழையை மட்டுமே நம்பியது. பாசனத்திற்காக மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். குடகில் மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போனதுண்டு. அப்போது உழவர் படும் பாட்டை நம் பெற்றோர் அறிவர்.

முடிவுரை

தோழியரே! இமயத்திற்குப் பனியாறு எப்படியோ, நமக்கு 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் ஊர்தோறும் உள்ள ஏரிகளும் அப்படி. அவையே நம் சேமிப்பு. கங்கோத்திரியின் பனியை நம் கையால் தடுத்து நிறுத்த இயலாது. ஆனால் வீணாக எரியும் விளக்கை அணைக்கவும், ஏரியில் குப்பை கொட்டாமல் காக்கவும் நம்மால் இயலும். வரவறிந்து செலவு செய்யும் வீடு வாழும், நாடும் அப்படியே.