கபடிப் பிடி கூண்டுக்குள் எதுவரை உதவும்?

கூண்டுக்குள் நடக்கும், எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டையில் குத்து, உதை, தூக்கிப் போடுதல், தரைப்பிடி, மூட்டுப் பூட்டு, கழுத்து இறுக்கு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் இதை முதல் கலையாகக் கற்றுத் தொடங்கியவர்கள் குறைவு. பெரும்பாலோர் வேறொன்றில் சில ஆண்டுகள் ஊறிய பிறகே இதற்கு வருகிறார்கள். நெய்வேலி நகரியத்தில் வளரும் இளைஞருக்குப் பள்ளி மைதானத்தில் கபடி, மாலை வகுப்பில் கராத்தே அல்லது டேக்வாண்டோ, சுற்றுவட்டாரத்து ஊர்த் திருவிழாவில் சிலம்பம் என்று ஏதாவது ஒன்று முன்பே கைவசம் இருக்கும். அதில் எது கூடவே வரும், எது வாசலோடு நின்றுவிடும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் வீண் உழைப்பு பெருமளவு மிச்சமாகும்.

அளந்து பார்க்க இரண்டு கேள்விகள் போதும். பயிற்சியில் எதிரே நின்றவர் முழு வலுவோடு எதிர்த்தாரா? அந்த விளையாட்டின் விதி எதையெல்லாம் தடுத்தது? எதிர்ப்பவர்மேல் பழகிய வித்தை உடம்பில் தங்கும். காற்றில் பழகியது பெரும்பாலும் தங்காது. விதி தடுத்த இடத்தில் அந்த வீரரின் ஓட்டை இருக்கும். அந்த அடியையோ பிடியையோ அவர் ஒருநாளும் வாங்கியதில்லை என்பதால் அது வரும் திசையை அவருடைய கண் தேடுவதே இல்லை.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்த, யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைத் தொடரின் முதல் போட்டி இதை ஒரே இரவில் காட்டியது. ஒல்லியான பிரேசில் வீரர் ஹாய்ஸ் கிரேசி, தம்மைவிடக் கனமான மூவரை அடுத்தடுத்துத் தரையில் பணியவைத்துப் பட்டம் வென்றார். அவருடைய குடும்பத்தின் ஜூ-ஜிட்சு, ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா பிரேசிலுக்குக் கொண்டுசென்ற தரைப்பிடியிலிருந்து வளர்ந்தது. அவரை எதிர்த்தவர்களில் முதலாமவர் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர். தரையில் அழுத்தப்பட்டதும் அவருடைய குத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

இனிக் கபடி. நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தில் இந்தப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பொங்கலையொட்டி விளக்கு வெளிச்சத்தில் ஊருக்கு ஊர் போட்டி நடக்கும் பகுதி இது. பிடிகாரர் கபடியில் கற்பது வலுவைவிட அதிகமாக நேரம் பார்ப்பதைத்தான். எதிரணிக் களத்துக்குள் பாடி வரும் ரெய்டர் 30 விநாடிக்குள் தொட்டுத் திரும்ப வேண்டும். அவருடைய எடை எந்தக் காலில் இறங்குகிறது, எந்தக் கால் நீள்கிறது என்று பார்த்திருந்து, நீண்ட காலின் கணுக்காலைப் பாய்ந்து பற்றுகிறார் ஓரத்தில் நிற்பவர். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன், 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராகப் புரோ கபடிக் கோப்பையை வென்றபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். நேரம் பார்க்கும் கண் இருந்தால் வயதுகூடப் பின்னால் நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இந்தக் கண் அப்படியே கூண்டுக்குள் வருகிறது. எதிரி உதைக்கக் காலை நீட்டும் கணத்தில், கராத்தேக்காரர் பின்வாங்க நினைக்கும்போது, கபடிக்காரரின் கை தானாகவே அந்தக் காலுக்குப் போகிறது.

சிக்கல் அதற்கு அடுத்த விநாடியில் தொடங்குகிறது. கபடியில் ரெய்டர் நடுக்கோட்டை நோக்கி ஓடப் பார்ப்பார். அவருடைய எடை பிடிப்பவரைவிட்டு விலகிப் போகும். கலப்புச் சண்டையில் எதிரி ஓடுவதில்லை. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மொத்த எடையையும் பிடித்தவரின் முதுகில் போடுவார். கணுக்காலை நோக்கிக் குனிந்த தலைக்கு மேலே கழுத்து திறந்து கிடக்கும். அந்தக் கழுத்தைக் கக்கத்தில் அடக்கி இறுக்குவதுதான் கில்லட்டின் பிடி. யு.எஃப்.சி.யில் இறங்கிய முதல் இந்தியரான பரத் கண்டாரே, 2017 நவம்பரில் ஷாங்காயில் சீனாவின் சாங் யாடோங்கிடம் முதல் சுற்றிலேயே தோற்றது இந்தப் பிடியில்தான். குனிந்த முகத்துக்கு முழங்கால் இடி வரும் என்பது வேறு. கபடி விதி இவை இரண்டையும் அனுமதிப்பதில்லை. அதனால் நல்ல பிடிகாரருக்கும் தலையைத் தாழ்த்துவது ஆபத்து என்ற உணர்வே இருக்காது.

இன்னொரு குறை துணைக்கு ஆள் இருந்த பழக்கம். ஒருவர் கணுக்காலைப் பற்றினால் இன்னொருவர் தொடையை மடக்குவார், மூன்றாமவர் மார்பில் மோதுவார். ரெய்டர் திரும்ப முடியாதபடி அடங்கியதும் நடுவரின் விசில் ஒலித்து எல்லோரும் எழுந்துவிடுவார்கள். தனியாகப் பிடித்து, தனியாக வீழ்த்தி, வீழ்ந்தவரை ஐந்து நிமிடம் எழவிடாமல் வைத்திருக்கும் வேலை கபடியில் கிடையாது. ஆகவே கபடியிலிருந்து வருபவருக்கு முதல் மாதங்களில் கொடுக்க வேண்டிய பயிற்சி குறுகியது: காலைப் பற்றியதும் தலையை நிமிர்த்து, காதை எதிரியின் விலாவோடு ஒட்டு, பற்றிய காலை மார்புவரை தூக்கிக்கொண்டு எழுந்து நில், பக்கவாட்டில் நடந்து சாய். கணுக்காலோடு தரையில் படுத்துக் கிடப்பதை மட்டும் முழுதாக மறக்க வேண்டும்.

ரெய்டராக இருந்தவரின் கதை வேறு. தாழ்ந்த நிலை, திடீர்த் திசைமாற்றம், கைக்கெட்டும் தூரத்தின் விளிம்பில் நின்று ஆசை காட்டுவது ஆகியவை நின்று சண்டையிடுவதற்கு அருமையான அடித்தளம். ஆனால் பிடிபட்டதும் குப்புற விழுந்து கோட்டை நோக்கி ஊரும் பழக்கம் அவருக்கு எலும்போடு ஊறியிருக்கும். கூண்டுக்குள் குப்புற ஊர்பவர் தம் முதுகை எதிரிக்குத் தானம் செய்கிறார். பின்னாலிருந்து கழுத்தை இறுக்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. மூச்சடக்கிப் பாடி வந்த பயிற்சி பெரிய பலம் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று ஆட வேண்டிய இடத்தில் மூச்சை அடக்குவது பலவீனமே. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை விடக் கற்க வேண்டும்.

மல்யுத்தம் கலப்புச் சண்டைக்கு மிக நெருங்கிய உறவு. சண்டை நின்று நடப்பதா தரையில் நடப்பதா என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் மல்யுத்தக்காரர்தான். இந்திய வம்சாவளியினரில் கலப்புச் சண்டையில் முதலில் உலகப் பட்டம் வென்ற கனடாவின் அர்ஜன் புல்லர், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் மல்யுத்தத் தங்கம் வென்றவர். 2021-இல் ஒன் சாம்பியன்ஷிப் என்ற கலப்புச் சண்டை அமைப்பின் ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரியானாவின் ரிது போகாட் அதே அமைப்பின் போட்டித்தொடரில் இறுதிவரை வந்து, தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸிடம் இரண்டாம் சுற்றில் ஆர்ம்பார் எனப்படும் கைப்பூட்டில் தோற்றார். ஸ்டாம்ப் அடிப்படையில் முவே தாய் வீராங்கனை. உதைத்துச் சண்டையிட்டு வளர்ந்தவர் கீழே மல்லாந்து கிடந்தபடி ஒரு மல்யுத்தக்காரரின் கையைப் பூட்டினார். மல்யுத்தத்தில் முதுகு தரையில் பட்டவர் தோற்றவர். கீழே கிடப்பவரால் ஆபத்து என்ற நினைப்புக்கே அங்கே இடமில்லை. அந்த நினைப்பை ஊட்டுவதுதான் மல்யுத்தக்காரருக்கு ஜூ-ஜிட்சு செய்யும் உதவி. மேலே இருக்கும்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைப்பது, கையை நீட்டி எதிரியின் மார்பில் ஊன்றாமல் இருப்பது ஆகிய இரண்டும் பழகிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

தமிழர்களுக்கு இந்த அறிவு புதிதன்று. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் பாடும் புறநானூற்றின் 80-ஆம் பாட்டு, ஒரு கால் மார்பின்மேல் மண்டியிட்டிருக்க மற்றொரு கால் எதிரியின் தந்திரத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்திருந்த நிலையைக் காட்டுகிறது. இன்றைய தரைப்பிடிப் பயிற்சியாளர் எவரும் அதைப் படித்துத் தலையசைப்பார். இந்த வட்டாரத்தில் மல்யுத்தத்தோடு உறவுள்ள மல்லர் கம்பம் விழுப்புரத்தில் உயிரோடு இருக்கிறது. கம்பத்தைத் தொடையால் கவ்வுவதும் தலைகீழாகத் தொங்குவதும் தரைப்பிடிக்கு வேண்டிய உள்தொடை வலுவையும் பிடிவலுவையும் தரும். கம்பம் திருப்பித் தாக்காது. ஆகவே அது உடம்பைத்தான் தயார் செய்யும்.

ஜூடோ தெரிந்தவருக்கு விழுவதில் பயம் போயிருக்கும், அதுவே பெரிய முதல். அவர் இழப்பது அங்கியின் காலரையும் கைப்பகுதியையும். சட்டையில்லாத உடம்பில் கக்கத்துக்கு அடியில் கைநுழைத்துப் பிடிப்பதும் கழுத்துக்குப் பின்னால் கைகோப்பதும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். 2010 முதல் ஜூடோ விதிகள் கையால் காலைப் பிடிப்பதைப் படிப்படியாகத் தடைசெய்துவிட்டதால், இளைய தலைமுறை ஜூடோக்காரருக்குக் காலைக் காக்கத் தெரியாது. கபடிக்காரரையும் ஜூடோக்காரரையும் ஒரே மெத்தையில் விட்டால் இருவரும் மற்றவரின் ஓட்டையை அடைப்பார்கள்.

அடிக்கும் கலைகளில் சிலவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். புள்ளிமுறைக் கராத்தே தூரத்தைக் கணிக்கவும் பாய்ந்து திரும்பவும் கற்றுத்தரும். 2009-இல் லியோடோ மச்சிடா அதை வைத்தே யு.எஃப்.சி. பட்டம் வென்றார். ஆனால் தொட்டதும் நடுவர் பிரித்துவிடும் பழக்கத்தில் வளர்ந்தவர் இரண்டாவது அடியையும் கட்டிப்பிடிப்பதையும் எதிர்பார்க்க மாட்டார். டேக்வாண்டோவில் முகத்தில் குத்து கிடையாது, இடுப்புக்குக் கீழே உதையும் கிடையாது. எனவே கைகள் தாழ்ந்திருக்கும், முன்தொடை அடிவாங்கும். வூஷு சாண்டா இந்தக் குறைகளிலிருந்து பெரிதும் தப்பியது. அங்கே குத்து, உதை, காலைப் பிடித்து வீழ்த்துதல் மூன்றும் உண்டு. 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமர் வூஷுவிலிருந்து வந்தவர்.

சிலம்பத்தைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். கம்பை வைத்துவிட்டால் மிஞ்சுவது சுவடும் தூரக் கணக்கும் மட்டுமே. சிலம்பத்தோடு சேர்ந்த வெறுங்கை முறைகளான குத்துவரிசையிலும் பிடிவரிசையிலும் நல்ல பூட்டுகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலான இடங்களில் அவை ஒப்புக்கொண்டு நிற்கும் துணையோடு மட்டுமே பழகப்படுகின்றன. அதே பூட்டுகளை, விடமாட்டேன் என்று திமிறுபவரோடு வாரம் ஒருமுறை பழகினால் நிலைமை மாறும். குறை கலையில் இல்லை, பழகும் முறையில் இருக்கிறது.

நெய்வேலியில் பழகுவோர் சில நடைமுறைகளையும் கவனிக்க வேண்டும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் உடம்பு வழுக்க ஆரம்பிக்கும். அங்கியோடு நன்றாக விழுந்த மூட்டுப் பூட்டுகள் அப்போது நழுவும். கழுத்து இறுக்கும் மேலே அமர்ந்து எடைபோடுவதும் அப்போதும் கைகொடுக்கும். பூட்டுகளை வகுப்பின் தொடக்கத்தில் மட்டும் பழகாமல் வேர்த்த பிறகும் பழகிப் பார்த்தால்தான் எது நம்பத்தக்கது என்று தெரியும். வேர்வையோடு படர்தாமரையும் வரும். மெத்தையை அன்றன்றே கிருமிநாசினியால் துடைப்பது, வகுப்பு முடிந்ததும் குளிப்பது, தோலில் வட்டத் தடிப்பு தெரிந்தவரை ஆறும்வரை மெத்தையில் ஏற்றாமல் இருப்பது ஆகியவற்றில் முகதாட்சண்யம் கூடாது. சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ நைட் ஷிப்ட் முடித்து வருபவர் அன்று நுட்பம் மட்டும் பழகலாம். தூக்கமில்லாத உடம்போடு முழு வேக ஸ்பாரிங்கில் இறங்கினால் எதிர்வினை மந்தமாகி, தடுக்க வேண்டிய குத்து தலையில் விழும். எடைப்பிரிவுக்காகத் தண்ணீரைக் குறைப்பது இந்த வெயிலில் உயிருக்கே ஆபத்து. பழகும் எடையிலேயே மோதுவது நல்லது.

மூட்டு நோவதற்கு முன்பே தட்டி விட்டுக்கொடுப்பதை முதல் நாளே கற்க வேண்டும். குதிகாலைத் திருகும் பூட்டில் வலி தெரியும்போது முழங்கால் நார் ஏற்கெனவே கிழியத் தொடங்கியிருக்கும். அதனால் புதியவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். தலையில் பலத்த அடிபட்டு மயங்கியவர், மருத்துவர் சொல்லும்வரை ஸ்பாரிங் பக்கமே வரக்கூடாது.

கபடி ஆடிக்கொண்டிருப்பவர் இதற்காக அதை விட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஜூடோ அல்லது ஜூ-ஜிட்சு மெத்தை, ஒரு நாள் குத்துச்சண்டை என்று ஓராண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்தைக் காக்கவும் கீழே விழுந்தால் எழுந்து நிற்கவும் தெரிந்த பிறகு முதல் அமெச்சூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.