செங்கல்லுக்குப் பின்னால் என்ன வரும்?



ஒரு சின்ன பரீட்சை. பயப்படாதீர்கள், அரியர் விழாது. 'செங்கல்' என்று நான் சொன்னதும் அடுத்து என்ன வரும்? பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் 'பட்டு' என்பார். சிவில் நண்பர் 'சூளை' என்பார். 'செங்கல் சாம்பார்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை எந்த வாத்தியாரும் நமக்கு நடத்தவில்லை. கேட்டுக் கேட்டு, நம்மையறியாமல் மனசே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கு கைக்குழந்தைக்கே வரும் என்றால் நம்புவீர்களா? 1996-ல் அமெரிக்காவில் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அர்த்தமே இல்லாத நான்கு மூன்றசைச் சொற்களை இடைவெளி விடாமல், மாற்றி மாற்றி, 8 மாதக் குழந்தைகளுக்கு 2 நிமிஷம் கேட்க வைத்தார்கள். ஒரு சொல்லுக்குள் ஓர் அசைக்குப் பின் அடுத்த அசை வரும் நிகழ்தகவு 1. ஒரு சொல் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்திலோ மூன்றில் ஒன்றுதான். பிறகு அதே சொற்களையும், இரண்டு சொற்களின் துண்டுகளை ஒட்டிய சேர்க்கைகளையும் தனித்தனியே கேட்க வைத்தார்கள். குழந்தைகள் ஒட்டுச் சேர்க்கையையே அதிக நேரம் கவனித்தன. 'இது புதுசா இருக்கே' என்பதுபோல!

நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. 'அம்மாவாராங்க', 'அம்மாபோறாங்க', 'அம்மாகூப்பிடுறாங்க' என்று குழந்தை கேட்கிறது. 'அம்' வந்தால் பெரும்பாலும் 'மா' வரும். 'மா'வுக்குப் பின் எது வேண்டுமானாலும் வரலாம். அப்படியானால் சொல் முடியும் இடம் அதுதான்!

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலும் இதே உறவு உண்டு. மழை பெய்யும், வெயில் அடிக்கும். பச்சைக்குப் பசேல், வெள்ளைக்கு வெளேர். பெரியவர்கள் எப்படிச் சொல்லி வந்தார்களோ அப்படியே சொல்வதை நன்னூல் 'மரபு' என்கிறது. இங்கிலீஷிலும் மரபு உண்டு. மழைக்கு 'ஹெவி', டீக்கு 'ஸ்ட்ராங்'. மாற்றிச் சொன்னால் இலக்கணம் தப்பாகாது, ஆனால் காது ஒத்துக்கொள்ளாது.

இப்போது என் கதை. போன செமஸ்டர் வைவாவில், 'வோல்டேஜ் த்ரூ தி ரெசிஸ்டர்' என்றேன். தேர்வாளர் "த்ரூவா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். அதற்குமேல் எனக்கு வாய் எழவில்லை. 'பத்தாவது வரை தமிழ் மீடியம், நமக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவுகட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனசு சரியில்லாமல், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் ஏறினேன். ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் பாசிமணி விற்கும் ஓர் அக்கா, வெளிநாட்டுக்காரரிடம் 'குட் பிரைஸ், ஜஸ்ட் லுக், நோ பிராப்ளம்' என்று வெளுத்து வாங்கினார்.

"எங்கேக்கா கத்துக்கிட்டீங்க?"

"அஞ்சாவதோட நின்னுட்டேன் தம்பி. அவங்க பேசுறதைக் கேட்டுத்தான்."

"ஜஸ்ட்னா என்னக்கா?"

"அதெல்லாம் பிரிச்சுக் கேட்டா தெரியாது. லுக் வந்தா முன்னாடி ஜஸ்ட் வரும், அவ்வளவுதான்!"

எனக்குப் பொறி தட்டியது. அக்கா சொற்களைக் கூட்டாளியோடு பிடித்திருக்கிறார். நானோ டிக்‌ஷனரியில் ஒவ்வொன்றாகப் பிரித்து மக் அடித்திருக்கிறேன். வோல்டேஜுக்கு அர்த்தம் தெரியும், ரெசிஸ்டருக்கு அர்த்தம் தெரியும். நடுவில் எது சேரும் என்பதுதான் தெரியாது.

ஹாஸ்டலுக்கு வந்து பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். எங்கும் 'கரண்ட் த்ரூ', 'வோல்டேஜ் அக்ராஸ்'. ஏன் என்று யோசித்தபோதுதான் பாடமே புரிந்தது. மின்னோட்டம் மின்தடையின் வழியாக ஓடுகிறது. அதனால் 'த்ரூ', அதனால் அம்மீட்டர் தொடரிணைப்பில். மின்னழுத்தம் என்பது இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். அதனால் 'அக்ராஸ்', அதனால் வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில். அந்தச் சின்னச் சொல்லுக்குள் சர்க்யூட்டே இருக்கிறது! தேர்வாளர் கேட்டது இங்கிலீஷ் இல்லை, எலக்ட்ரிக்கல்.

ஒன்றை மறக்கக் கூடாது. கூட்டாளி தெரிந்தால் மட்டும் பொருள் தெரிந்ததாகிவிடாது. 'வோல்டேஜ் அக்ராஸ்' என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு, லேபில் வோல்ட்மீட்டரைத் தொடரில் மாட்டுபவரும் உண்டு. நம் கைபேசியும் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறது என்ற கணக்கைக் கொண்டுதான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. அதற்கு ஷாக் அடித்தால் எப்படியிருக்கும் என்று தெரியாது, நமக்குத் தெரியும்.

ஆகவே நண்பர்களே, நோட்டில் இனி சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். முன்னும் பின்னும் வருவதைச் சேர்த்து எழுதுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். 'ஏன் இந்தச் சொல்?' என்று ஒரு தடவை கேளுங்கள். எட்டு மாதத்தில் நமக்கு வந்த வித்தை இது. பதினெட்டு வயதில் வராமலா போய்விடும்?