எலும்பு கூடும்வரை துணைநிற்கும் உலோகம்

காஹாங் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவச் செல்வோர், மழை ஈரத்தில் மேட்டுச் சரிவில் வழுக்கி விழுவது நாம் அறியாததன்று. கால் எலும்பு முறிந்தால், மருத்துவர் உலோகத் தகடும் திருகாணியும் வைத்து முறிந்த முனைகளை இணைக்கின்றார். எலும்பு கூடிய பின்னர் அவ்வுலோகம் தொல்லை தருமாயின், மீண்டும் அறுவை செய்து அகற்ற நேரிடும். மீண்டும் மருத்துவமனை, மீண்டும் வேலைநாள் இழப்பு.

இவ்விரண்டாம் அறுவையைத் தவிர்க்க இயலாதா? பணி முடிந்ததும் உடலிலேயே கரையும் உலோகம் இருப்பின் இயலும். மக்னீசியம் அத்தகையது. நம் உடலிலுள்ள மக்னீசியத்தில் பாதிக்கு மேற்பட்டது எலும்பிலேயே அடங்கியுள்ளது.

இம்முயற்சி பழையது. பெல்ஜிய நாட்டு அறுவை மருத்துவர் அல்பின் லம்போட், 1907-ஆம் ஆண்டில் மக்னீசியத் தகடு ஒன்றை எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாள்களில் தகடு சிதைந்தது. தோலுக்கடியில் வாயு சேர்ந்தது. காரணம் யாது? மக்னீசியம் உடல்நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகின்றது. எஃகு உடனிருந்தமையால் அரிப்பு மேலும் விரைவுற்றது. எலும்பு கூடவோ பல வாரங்கள் வேண்டும்.

இளங்கன்றுக்கு நாம் ஊன்றும் கோலை எண்ணிப் பார்ப்போம். வேர் பிடிக்குமுன் கோல் உளுத்தால் கன்று சாயும். வேர் பிடித்தபின் உளுத்தால் தீங்கில்லை. ஆகவே உலோகம் கரைவதைத் தாமதப்படுத்த வேண்டும். கலப்புலோகமாக்குதல் ஒரு வழி; மேற்பூச்சு மற்றொரு வழி.

துத்தநாகப் பூச்சு இரும்பு வாளியைத் துருவினின்று காப்பதை நாம் அறிவோம். இங்கே பூசப்படுவது ஹைட்ராக்ஸிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் அடங்கிய இப்பொருள், நம் எலும்பின் கனிமப் பகுதியை ஒத்தது. இது நீர் உலோகத்தை விரைந்து அணுகாமல் தடுப்பதுடன், புதிய எலும்பு பற்றி வளரவும் இடமளிக்கின்றது. இவ்வாறு உடலுடன் இணைந்து பணிபுரிவதால் இதனை உயிரியக்கப் பூச்சு என்பர். நம் ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் அமைந்துள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2010-களில் இத்தகைய பூச்சுகளை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்.

ஜெர்மனியில் உருவான மக்னீசியக் கலப்புலோகத் திருகாணி 2013-இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. எனினும், பளு தாங்கும் பெரிய எலும்புகளுக்கு எஃகும் டைட்டேனியமுமே இன்றும் பெரிதும் பயன்படுகின்றன.

எனவே, தகடு பொருத்தப்பெற்றோர் வலி நின்றுவிட்டதென்று இருந்துவிடாமல், மருத்துவர் குறித்த நாளில் தவறாது செல்லவேண்டும். வேலையில் நேர்ந்த விபத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் உடனே தெரிவித்து, பெர்கேசோ உதவிக்கு விண்ணப்பித்தலும் நம் கடமையாகும்.