செக்ரோலும் சார்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெல்மதுளைச் சந்தியில், எம்பிலிபிட்டியாப் பாதை பிரிகின்ற இடத்துக்குச் சற்று அப்பால், பெலிகுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்காகப் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், கணினிப் படிப்பைப் பற்றி என்னிடம் விசாரிப்பதுண்டு. ஜாவாவில் பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தைச் சிரமப்பட்டுக் கற்று முடித்த பின்னர், சார்புநிலைச் செய்நிரலாக்கம் என்ற வேறொரு மார்க்கம் உண்டென்று கேள்விப்பட்டு, அது உண்மையான தொழிலுக்கு உதவுமா, அல்லது பண்டிதர்களின் வித்தையா என்று அவர்கள் கேட்கிறார்கள். தோட்டச் சம்பளக் கணக்குக்கு மென்பொருள் எழுதி ஜீவனம் நடத்துகிறவன் என்ற முறையில், அந்தப் பிள்ளைகளின் வாயிலிருந்து நான் கேட்ட அபிப்பிராயங்களையே எடுத்துக்கொண்டு, என் அநுபவத்தில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டின் பேதத்தைச் சொல்லிவிட வேண்டும். பொருள்நோக்கு முறையில், ஒரு விஷயத்தைப் பற்றிய தரவும் அந்தத் தரவை மாற்றுகின்ற செய்கைகளும் ஒரே பொருளுக்குள் குடியிருக்கும். சார்புநிலை முறையிலோ, தரவு மாறாமல் ஒருபுறம் நிற்க, அதை வாங்கிப் புதிய விடையைக் கொடுக்கும் சார்புகள் மறுபுறம் நிற்கும். ஒரே தரவைக் கொடுத்தால் எப்போதும் ஒரே விடை வரும். விடை தருவதைத் தவிர வேறெதையும் அந்தச் சார்பு தொடாது.

நம்பிக்கை: இது கணித பண்டிதர்களுக்காக அண்மையில் வந்த ஒரு மோஸ்தர்.

அலன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் இதன் மூலத் தத்துவத்தை 1930களிலேயே வகுத்துவிட்டார். ஜோன் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை 1958இல் உருவாக்கத் தொடங்கினார். பொருள்நோக்கு மொழிகளுக்கெல்லாம் தாயென்று சொல்லப்படும் சிமுலா 67, நோர்வேயில் அதற்குப் பிறகுதான் பிறந்தது. ஆகவே வயதில் மூத்தது எது என்பதில் ஐயமில்லை. பண்டிதர்களுக்கு மட்டுமே உரியது என்பதற்கோ, எந்தத் தோட்டக் காரியாலயத்துக்குள்ளும் நுழைந்து பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே எக்செல் தாளில், கிலோவை எழுதிய கட்டத்தையும் கூலி வீதத்தை எழுதிய கட்டத்தையும் பெருக்கி மூன்றாவது கட்டத்தில் விடை காணும் எழுதுவினைஞர், முதலிரண்டு கட்டங்களில் உள்ளதைக் கலைப்பதில்லை. பெயர் தெரியாமலேயே அவர் சார்பு எழுதிக்கொண்டிருக்கிறார்.

நம்பிக்கை: உலகம் ஓயாமல் மாறுகிறது, மாறாத தரவை வைத்துக்கொண்டு உண்மையான வேலை செய்ய முடியாது.

எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இதுவே. நானும் பல ஆண்டுகள் இதையே நம்பியிருந்தேன். நம்பியதன் பலனை ஒரு சம்பள நாளில் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

நான் எழுதிய மென்பொருளில் ‘தொழிலாளி’ என்றொரு பொருள் இருந்தது. பெயர், வேலை நாள், பறித்த கொழுந்து, தீபாவளி முற்பணத்தின் நிலுவை, இம்மாதக் கழிவு ஆகிய அனைத்தும் அதற்குள்ளே இருந்தன. ‘சம்பளம் போடு’ என்ற செய்கை, கூலியைக் கணக்கிட்டு, முற்பணத்தின் அந்த மாதத் தவணையை ‘இம்மாதக் கழிவு’ என்ற மாறியில் கூட்டி, சம்பளத் துண்டை அச்சுக்கு அனுப்பும். கணக்கிடுவதும், மாற்றுவதும், அச்சிடுவதும் ஒரே மூச்சில் நடந்தன. அதை அழகான அமைப்பென்றே நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டது. காரியாலயத்தில் இருந்தவர், எவரும் செய்யக்கூடியதைப் போலவே, தாளை உருவியெடுத்துவிட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினார். முதலில் அச்சான சில பேருக்கு மாத்திரம் கழிவு மாறி இரண்டாம் தரமும் கூடிவிட்டது. மறுநாள் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்த ஓர் அம்மா, கசங்கிய துண்டை என்முன் விரித்து, “தம்பி, தீவாளி முற்பணம் ரெண்டு தரம் வெட்டியிருக்கு, பாருங்க” என்றார். ஆயிரம் ரூபாய்த் தவணை இரண்டாயிரமாக நின்றது. அதிகமாகப் போனது அவருடைய ஒரு முழு நாட்கூலி. பிழை காரியாலயத்துடையதன்று, துண்டைப் பார்ப்பதற்கும் கணக்கைத் திருத்துவதற்கும் இடையே சுவர் வைக்காத என்னுடையது.

பின்னர் அதைப் பிரித்து எழுதினேன். வேலை நாட்கள், நிறுவைப் பதிவுகள், கூலி வீதம், தவணைப் பட்டியல் ஆகியவற்றை வாங்கி, சம்பளத் துண்டை விடையாகத் தருவது ஒரு சார்பு. தோட்டத்தின் நோர்ம், அதாவது நாட்கூலிக்காகப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ, அதற்கு மேற்பட்ட மேற்கிலோ ஒன்றுக்கு 40 ரூபாய், நாட்கூலி 1000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 23 கிலோ பறித்தவருக்கு அந்தச் சார்பு 1200 ரூபாய் என்று சொல்லும். நூறு தரம் கேட்டாலும் 1200 என்றே சொல்லும். தாள் எத்தனை முறை சிக்கினாலும் எவருடைய கணக்கும் அசையாது. ‘இந்த மாதத் தவணை கழிக்கப்பட்டது’ என்ற பதிவை எழுதுவது மட்டும் தனியாக ஒரே இடத்தில், ஒரு மாதத்துக்கு ஒரே தரம் நடக்கிறது. மாற்றம் ஒழிந்துபோகவில்லை, அது எங்கே நிகழ்கிறதென்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மாறாத தரவு என்பதை நம் முன்னோர் அறியாதவர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. செக்ரோல் என்ற தோட்டத்து வேலை-சம்பளப் பதிவேட்டை மையால் எழுதிய காலத்துக் கணக்கப்பிள்ளை, இலக்கம் பிழைத்தால் அதைச் சுரண்டி அழிப்பது முறையன்று. ஒரு கோடிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பம் வைக்க வேண்டும். பழையது பழையதாகவே கண்ணுக்குத் தெரியும். கணினி வந்த பிறகுதான், அழித்து எழுதுவது இத்தனை சுலபமாயிற்று.

கூலி வீதத்தின் கதையைப் பாருங்கள். 2021 மார்ச் மாதத்தில், 900 ரூபாய் அடிப்படையும் 100 ரூபாய்க் கொடுப்பனவும் சேர்ந்து நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2024 மே மாதத்தில் 1700 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, அது உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவினால் தடைப்பட்டு, செப்டெம்பரில் 1350 ரூபாய் அடிப்படைக் கூலி என்று முடிந்தது. ‘நாட்கூலி’ என்ற ஒற்றை மாறியை ஒவ்வொரு தரமும் அழித்து எழுதுகிற மென்பொருளில், சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்க்கப் பழைய மாதமொன்றின் துண்டை மறுபடி எடுத்தால், அந்த மாதத்தில் எவரும் கண்டிராத கூலி அதில் ஏறியிருக்கும். ஒவ்வொரு வீதத்தையும் அது அமுலான திகதியோடு தனிப் பதிவாக வைத்து, வேலை செய்த நாளைக் கொண்டு உரிய வீதத்தைச் சார்பே தேர்ந்துகொள்ளும்படி எழுதினால் அந்த விபரீதத்துக்கு இடமில்லை.

பெரிய உலகத்திலும் சான்று உண்டு. லயக் காம்பராவில் இருந்துகொண்டு கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையோடு நாம் பேசுகிற வாட்ஸ்அப், எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1986இல் உருவாகத் தொடங்கிய எர்லாங் என்ற சார்புநிலை மொழியில் எழுதப்பட்ட வழங்கிகளின்மேல் வளர்ந்தது. 2014இல் பேஸ்புக் அதை வாங்க முன்வந்தபோது 45 கோடிப் பேர் அதைப் பாவித்தார்கள், பொறியியலாளர்களோ 32 பேர். பெங்களூரில் ஆட்டோ அழைக்கும் ‘நம்ம யாத்ரி’ செயலியின் பின்புலம் ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. விநாடிக்கு விநாடி மாறுகிற ஓட்டங்கள் இவை.

நம்பிக்கை: மாற்றாமல் ஒவ்வொரு தரமும் பிரதி எடுப்பதால் வேகம் குன்றும்.

முழுவதையும் பிரதி எடுப்பதில்லை. பட்டியலொன்றின் தலையில் புதிய பதிவைச் சேர்க்கும்போது, புதியது பழைய பட்டியலையே சுட்டி நிற்கிறது. பழையது மாறாதென்ற உறுதி இருப்பதனால் இரண்டும் அதைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆயினும் படங்களைச் செயலாக்குவது, பெருந்தொகையான எண் அணிகளைக் கையாள்வது போன்ற வேலைகளில், இருந்த இடத்திலேயே மாற்றுவது விரைவானது. அங்கே அதைச் செய்வதே நியாயம்.

நம்பிக்கை: மாறுவதென்றால், எழுதியதையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிய மொழியில் தொடங்க வேண்டும்.

இவ்வாறு தொடங்கி, பழையதும் இல்லாமல் புதியதும் முடியாமல் தவித்தவர்களை நான் அறிவேன். எவரையும் அந்த வழியில் போகச் சொல்லமாட்டேன். ஜாவாவே 2014 மார்ச்சில் வந்த எட்டாம் பதிப்பில் லாம்டா எனப்படும் பெயரற்ற சார்பை ஏற்றுக்கொண்டது. மாறாத தரவுக்கான ரெக்கோர்ட், 2021 மார்ச்சில், ஆயிரம் ரூபாய்க் கூலி வந்த அதே மாதத்தில், பதினாறாம் பதிப்பில் நிலைபெற்றது. நம் நாட்டின் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில் பிறந்து, 2019இல் 1.0 பதிப்புக் கண்ட பலரீனா மொழியில் பொருள்களும் உண்டு. அவற்றிலிருந்து பிரிந்து நிற்கும் வெறுந்தரவும் உண்டு. பிறர் மாற்ற முடியாதபடி தரவைப் பூட்டும் வசதியும் உண்டு. பொருள்நோக்கு முறை பொய்யானதன்று. வெளியுலகத்தோடு பேசுகிற விளிம்புகளில், அச்சுப்பொறி, தரவுத்தளம், நிறுவைத் தராசு ஆகியவற்றுக்கு அருகில், என் மென்பொருளில் இன்றும் பொருள்கள் உண்டு.

நம்பிக்கை: சார்புநிலையில் எழுதினால் பிழையே வராது.

புதிதாக மதம் மாறியவர்களின் உற்சாகம் இது. நோர்மை 18க்குப் பதிலாக 16 என்று நான் எழுதிவிட்டால், சார்பு அந்தப் பிழையை எல்லாப் பேருக்கும், எல்லா மாதங்களுக்கும், ஒரே சீராகச் செய்துகொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம் என்பதே வித்தியாசம்: அந்த அம்மாவின் பதிவுகளை எடுத்து, சார்பை மட்டும் தனியாக ஓட்டி, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுவிடலாம், முழு மென்பொருளையும் எழுப்ப வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, மொனாட் முதலிய பெயர்களைக் கண்டு இப்போதைக்கு மலைக்க வேண்டாம் என்றே சொல்லுகிறேன். நீங்கள் எழுதியவற்றுள் பணத்தைக் கணக்கிடும் செய்கை ஒன்றை எடுங்கள். அது எந்த மாறியைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொடுகிற வரிகளை வெளியே நகர்த்துங்கள். பிறகு அதை இரண்டு தரம் ஓட்டிப் பாருங்கள். நான் கழிவுப் பகுதியில் தொடங்கி, மூன்று சம்பள மாதங்களில் நிறுவைப் பகுதிக்கு வந்தேன்.